தொடக்கூடாத எல்.டி.ஆர்.

கனகலதா தன் கையால் நாற்பத்தொரு பெட்டிகள் செய்தாள். மைக்கில் யாராவது திடீரென்று கத்தினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் சத்தத்தை அமுக்கிப் பிடிக்கும் பெட்டி. பாலிடெக்னிக் முடித்து, வேங்கிக்கால் வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, இருபத்திரண்டு வருடம் மைக்செட் ரிப்பேரோடு அந்த வேலையும். கீழ்பென்னாத்தூர் வரை மைக்செட்காரர்கள் அவளிடம்தான் வாங்கினார்கள்.

பெட்டியின் உயிர் ஒரு கறுப்புக் குழாய்க்குள் இருந்தது. ஒரு பக்கம் சிறு விளக்கு. எதிரே எல்.டி.ஆர்., வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பொட்டளவு பாகம். சத்தம் ஏறினால் விளக்கு பிரகாசிக்கும், எல்.டி.ஆர். சத்தத்தை இறக்கும். அந்தப் பொட்டில் இருப்பது காட்மியம். விஷம் என்று அவளுக்குப் படித்த நாளிலேயே தெரியும். மூடிய பெட்டிக்குள் யாரை என்ன செய்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

ஒரு நாள் ஏரிக்கரையில் பழைய சர்க்யூட் போர்டுகளைச் செம்புக்காக யாரோ கொளுத்தியிருந்தார்கள். கரிக்குவியலில் அவள் செய்த பெட்டி ஒன்றும் கிடந்தது. அவள் ஒட்டிய எண் பாதி எரிந்திருந்தது.

அடுத்த சதுர்த்தசியன்று பிறந்த ஊரில் சமணர்களின் ஜினாலயத்துக்குப் போனாள். அருகன் முன் நின்று, "இனிமே அதைத் தொட மாட்டேன்" என்று விரதம் எடுத்தாள். இனிப் பெட்டியில் வைக்க மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு. அவர்கள் வீட்டில் நினைத்தது விரதமில்லை, சொன்னதுதான் விரதம். திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது: மிச்சமிருக்கும் நாற்பதிலிருந்தும் அதை எடுக்க வேண்டுமே, தொடாமல் எப்படி?

அதற்கு முன் மாற்று வேண்டும். எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டரை மின்தடையாக வைத்துப் பார்த்தாள். சத்தம் குறைந்தது, குரல் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. சமமான இரண்டு ரெசிஸ்டர் போட்டு, ஒலியில் பாதியை அதன் 'கேட்' என்ற முனைக்கே திருப்பிவிட்டாள். கரகரப்பு அடங்கியது.

கீழ்பென்னாத்தூர் அப்பாசாமியை வரச்சொன்னாள். முப்பது வருட மைக்செட்காரர். அவர் காது ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்பாவிட்டால் நாற்பதும் ஒரு நாள் ஏரிக்கரைக்குத்தான் போகும்.

அவர் தன் பழைய பெட்டியைப் புதிய போர்டின் பக்கத்தில் வைத்து, மைக்கில் கத்தினார், கொஞ்சினார், கனைத்தார்.

"இன்னாம்மா இது? கத்தி முடிச்சதும் சத்தம் லபக்குனு ஏறுது. ஆஸ்துமாக்காரன் மூச்சு வாங்கற மாதிரி."

"பழசுல?"

"பழசு மெதுவா ஏறும். ஏறுறதே தெரியாது."

கனகலதாவுக்குக் காரணம் பிடிபட்டது. எல்.டி.ஆர். வெளிச்சத்தை உடனே மறக்காது. முதலில் வேகமாக மறக்கும், மிச்சத்தை மெதுவாக. மின்சாரத்தைத் தேக்கி வடியவிடும் கெபாசிட்டர் ஒன்றால் மட்டும் அது வராது. சீக்கிரம் காலியாகும் ஒன்றும் மெல்லக் காலியாகும் ஒன்றுமாக இரண்டு வைத்தாள். அப்பாசாமி இரண்டு டீ குடித்து முடித்தார்.

மறுபடி கத்தினார். ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பாட்டுக்குப் பழசுதான் ஒரு பங்கு ஜாஸ்தி. ஆனா இதைப் போட்டா ஒரு ஆளும் திரும்பிப் பாக்க மாட்டான். மாத்திடு."

"பழசை நீங்கதான் எடுக்கணும்ண்ணே. நான் தொடக்கூடாது."

"உங்க ஆளுங்க உருளைக்கிழங்கைத்தான் தொட மாட்டாங்கனு நெனச்சேன். இப்ப இதுவுமா?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"வாய் தவறினது நீ, கை சுட்டுக்கறது நானா?" என்றபடி சால்டரிங் அயர்னை வாங்கினார். முப்பது வருடத்தில் அதை அவர் பிடித்ததே இல்லை. கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார், கெட்ட வார்த்தை சொன்னார், குழாயைப் பிடுங்கி அவள் நீட்டிய பாட்டிலில் போட்டார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் தாங்களே பிடுங்கினார்கள். அவள் புதியதை வைத்தாள். பாட்டில் நிறைந்தபோதெல்லாம் மின்கழிவு எடுப்பவர் வாங்கிப்போனார்.

போன ஆனியில் அவள் இறந்தபோது முப்பத்தேழு மாறியிருந்தன. மிச்சம் மூன்றுக்கும் போர்டு செய்து, சோதித்து, பெட்டி வாங்கியவரின் பெயரெழுதி வைத்திருந்தாள்.