புல்லிக்கு வைத்த பொட்டு

மினி டிராக்டரில் பெல்ட் மாட்டும்போதெல்லாம் அப்பா ஏன் மதினியை மட்டும் கூப்பிட்டார்? அப்பா மறைந்து ஓராண்டு ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்பா மயிலாடும்பாறையில் பிறந்தவர். மழை பொய்த்த வருடங்களில் பிறருடைய டிராக்டரை ஓட்டிப் பிழைத்தார். பிறகு கம்பம் பக்கம் வந்து குத்தகைக்குத் திராட்சைத் தோட்டம் பிடித்தார். மெல்லச் சொந்தத் தோட்டமும், மருந்தடிக்கும் பம்பு பூட்டிய மினி டிராக்டரும் வாங்கினார். பழுத்த குலைகள் மழையில் வெடித்து வீணான ஆண்டிலும், வேலையாட்கள் சாப்பிட்ட பிறகே தாம் உட்கார்ந்தார்.

என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். ஆனால் எஞ்சினிலிருந்து பம்புக்கு ஓடும் பெல்ட் நழுவினால், அண்ணன் மனைவியைத்தான் அழைப்பார். மதினி கம்பியால் பம்பை நெம்பிப் பிடிக்க, அப்பா போல்ட்டை முறுக்குவார். பெல்ட் ஓடும் சத்தத்தை வைத்தே இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் கைக்குழந்தையோடு தள்ளி நின்று பார்ப்பேன். பிள்ளையின் விரல் மாட்டிவிடும் என்று பயந்தாரா, படித்தவளுக்கு எதற்கு இந்த அழுக்கு என்று நினைத்தாரா? எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தும் என் மனம் ஆறவில்லை.

தேனி மருத்துவமனையில் மூச்சுவிடச் சிரமப்பட்ட கடைசி நாட்களில், அண்ணனிடம், "வண்டி எம் மகளுக்கு" என்றார். அந்தத் துக்கத்திலும் மதினியை வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

நானும் என் கணவரும் பார்க்கும் தோட்டம் அப்பாவின் தோட்டத்தை ஒட்டியது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பளபளக்க எண்ணெய் தேய்த்தேன். அந்த எண்ணெய்க் கையோடே பெல்ட் மூடியைக் கழற்றி, பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரங்களுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் மருந்தடிக்கும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. புது பெல்ட் போட்டோம். அதுவும் கழன்று விழுந்தது. கொடியில் சாம்பல் நோய் பரவிக்கொண்டிருந்தது. என்னிடம் சொல்லாமலேயே என் கணவர் போய் மதினியை அழைத்து வந்துவிட்டார்.

மதினி எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தார். புல்லியைத் தடவி, விரலை முகர்ந்தார்.

"கண்ணு படும்னு புல்லிக்கும் பொட்டு வச்சியாக்கும்?"

"அப்பா வண்டியாச்சே மதினி."

"மாமா மூடி மேலதான் பொட்டு வைப்பாக தாயி. புல்லிப் பள்ளத்துல எண்ணெ பட்டா பெல்ட்டு வழுக்கும்பாக."

எனக்குச் சொல்லாததை அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்த பின், இரண்டு புல்லிகளுக்கும் குறுக்கே நூல் பிடித்து, பம்பு சற்று விலகியிருப்பதைக் கண்டு நேராக்கினார். பெல்ட் கழலாமல் ஓடியது. திராட்சை பிழைத்தது. எனக்கு மட்டும் எரிந்தது.

வண்டி தங்கள் தோட்டத்திலேயே நிற்கட்டும், மதினியே மருந்தடித்துத் தருவாள் என்கிறார் அண்ணன். அப்பாவின் முதல் திவசம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் துணைக்கு இருந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், மதினிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அப்பாவை அறிந்தவர்களே, வண்டியைக் கொடுத்துவிடவா? நானே வைத்துக்கொண்டு மதினியிடம் வேலை பழகவா? எது சரியென்று சொல்லுங்கள். மதினியும் இந்த நினைவஞ்சலியைப் படிப்பார். அவரிடம் கேட்காமல், என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.