திரைக்கு முதுகு காட்டி

தொண்ணூறுகளில், சிங்காநல்லூர் தியேட்டர் ஒன்றில் பெண்கள் பக்கம் டார்ச் அடித்து இடம் காட்டும் அக்கா அவர். ஒடிசலான உடம்பு. கம்மல் இருக்கவேண்டிய காதில் வேப்பங்குச்சி.

ஒரே படத்தை அங்கே இரண்டு முறை பார்த்தேன். கதாநாயகன் வாயாடி மனைவியை அறையும்போது தியேட்டரே கைதட்டும். அப்போது மட்டும் அந்த அக்கா திரைக்கு முதுகு காட்டி நின்று எங்கள் முகங்களைப் பார்ப்பார்.

இரண்டாம் முறை, இடைவேளையில் கேட்டேன். “ஏனுங்கக்கா, எங்களையே பாக்கறீங்க?”

“படம் வந்த அன்னைக்கே எம் பொண்ணக் கூட்டியாந்தேனுங்க அம்மணி. ஊட்டுல அவங்கப்பன் என்னைய அடிக்கறப்ப அழுவறவ, இங்க கைதட்டறா. அது எப்படீன்னு உங்க மூஞ்சீல தேடறேனுங்க.”

திரையில் விழுந்த அந்த அறைக்கு இரண்டு முறையும் நான் கைதட்டியிருந்தேன். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, கேட்கத் துணிவில்லை.