ஸ்டாஃபர் வீட்டு மவுசர்

விற்காத துப்பாக்கிக்கு மாதாமாதம் மேஜை வாடகை கட்டுகிற ஆளைப் பைத்தியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? எல்வுட் ஸ்டாஃபரையும் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சொல்ல பென்சில்வேனியாவின் அந்தப் பக்கத்தில் எவனுக்கும் தைரியம் கிடையாது. மனிதர் நாக்கு அப்படி. முப்பத்தைந்து வருஷம் பால் லாரி ஓட்டியவர், பேச்சில் மட்டும் ஒரு சொட்டுப் பால் இருக்காது.

மாதம் ஒரு சனிக்கிழமை திடலில் உள்ள மாட்டுக் கண்காட்சிக் கொட்டகையில் பழைய பட்டாளத் துப்பாக்கிச் சந்தை கூடும். கடைசி வரிசையில், கழிவறைக்குப் போகிற வழியில் எல்வுட்டின் மேஜை. தோல்வார்கள், தோட்டாப் பைகள், துப்பாக்கி துடைக்கிற சாமான் வைத்த தகர டப்பாக்கள், கத்தி உறைகள் என்று ஓரமெல்லாம் விற்பனைக்கு இருக்கும். நடுவில் ஒரு போர்வையை விரித்து அதன்மேல் ஒரு ஜெர்மன் மவுசர். அதை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதில் போல்ட் கிடையாது. குண்டை உள்ளே தள்ளி அடைக்கிற இரும்புத் தண்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. போல்ட் இருக்க வேண்டிய இடம் பொக்கை வாயாகத் திறந்து கிடக்கும்.

"யோவ் எல்வுட், வேற ஒரு போல்ட்டை வாங்கிப் போட்டுத் தொலையேன்யா. என்கிட்டயே நாலு கிடக்கு" என்பார் பக்கத்து மேஜை ஹெர்ஷல். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார்.

"எவனோ செத்தவன் பல்லைப் பிடுங்கி என் வாயில வெச்சுக்கச் சொல்றியா?"

"அதுக்காகப் பொக்கை வாயோடவே கல்லறைக்குப் போவியா?"

"போவேன். இதோட போல்ட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு மைல்ல, என் தம்பிங்கிற திருட்டு நாய்கிட்ட இருக்கு. அது வரும். வர வைப்பேன்."

அதுதான் எல்வுட் உயிரோடு இருந்ததற்கே காரணம் என்று சொன்னால் மிகையில்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. தம்பி டுவேன் எடுத்துக்கொண்டு போன போல்ட் திரும்பி வரவேண்டும், அப்பாவின் மவுசர் முழுசாகவேண்டும். வேறு ஒரு ஆசையும் அந்த மனுஷனுக்கு இல்லை.

அப்பா இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி வரை போய் வந்தவர். திரும்பும்போது கொண்டுவந்த துப்பாக்கி அது. சமையலறைக் கதவுக்கு மேலே இரண்டு ஆணியில் தொங்கும். பிள்ளைகள் கிட்டே போனால் கை முறிந்துவிடும். "ஒரு மாட்டுக் கொட்டில்ல, ஒருத்தன் கையிலேர்ந்து பிடுங்கினேன்டா. அவன் அழுதான்" என்று எல்வுட்டுக்கு எட்டு வயதில் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எல்வுட் தன் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் தீர்த்தான்.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் அது ஆணியை விட்டு இறங்கும். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் விருந்து முடிந்த திங்கட்கிழமை, மான் வேட்டை தொடங்குகிற நாள். ஊரே லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். எல்வுட் போனதே இல்லை. மாடு மான் வேட்டைக்கென்று மடியைப் பூட்டி வைக்குமா? பால் எடுக்க லாரி போயாக வேண்டும். அப்பாவோடு போனது டுவேன்தான், ஏழெட்டு வருஷம் தொடர்ந்து. அதில் எல்வுட்டுக்கு உள்ளுக்குள் எரிச்சல் இருந்தது. ஆனாலும் அப்பா சாகும்போது துப்பாக்கியை மூத்தவனுக்குத்தான் எழுதி வைத்தார். அன்றைக்கு எல்வுட்டுக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம் ஆணியிலிருந்து துப்பாக்கியை இறக்கினால் போல்ட்டைக் காணோம். உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

"நீயாடா எடுத்தே?"

"நான்தான் எடுத்தேன். அப்பா கை பட்டது ஒண்ணு எனக்கும் வேணும்."

"மரியாதையாக் கொண்டுவந்து வை."

"அதை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போறே? உனக்கு அது ஒண்ணுக்கும் ஆகாது. உனக்கே தெரியும்."

"திருட்டு நாயே!"

அத்தோடு சரி. ஒரே ஜில்லாவில், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் முப்பது வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை. பங்காளிப் பகைக்கு நாடென்ன, மொழியென்ன! ஒரு ஏக்கர் நிலத்துக்கு அடித்துக்கொண்டாலாவது அர்த்தம் இருக்கிறது. இது ஒரு சாண் இரும்பு.

அதுவரைக்கும் எல்வுட்டுக்குத் துப்பாக்கியைப் பற்றி அ, ஆ கூடத் தெரியாது. போல்ட் இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, அதற்கு என்ன மதிப்பு, எதனால் மதிப்பு என்று கேட்டு அலைந்ததில்தான் கற்றுக்கொண்டார். குழல், உடல், அடித்தகடு, திருகாணி வரை எல்லாவற்றிலும் எண் கொத்தியிருக்கும். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால்தான் மதிப்பு என்று கற்றார். எந்தக் கழுகு முத்திரை எந்தத் தொழிற்சாலை, எந்தத் தோல்வார் நேற்றுத் தைத்துப் பழசாகக் காட்ட டீத்தண்ணியில் ஊறப்போட்டது என்றெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தன் மவுசரில் பார்த்த இடத்தில் எல்லாம் ஒரே எண், 4417. போல்ட்டிலும் அதுதான் இருக்கும், வேறென்ன இருக்கும்? ஆள் கையிலிருந்து பிடுங்கிய துப்பாக்கியாச்சே! "எங்கப்பாவோடது முழுசும் ஒரே நம்பர். தம்பி அதைக் கெடுத்துட்டான்" என்று சந்தைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னார்.

மற்றவர்கள் வீட்டுக் கதை என்றால் மட்டும் கத்தியை எடுத்துவிடுவார். 'துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே' என்பது அந்தச் சந்தையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. ஒருமுறை ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், தாத்தா சண்டையில் பிடித்தது என்று ஒரு மவுசரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். எல்வுட் போல்ட்டை உருவினார், பார்த்தார், திருப்பி வைத்தார்.

"போல்ட்டுல ஒரு நம்பர், உடம்புல ஒரு நம்பர். சரணடைஞ்சவன்கிட்டேர்ந்து வாங்கி, யாரும் சுட முடியாதபடி துப்பாக்கியை ஒரு குவியல், போல்ட்டை ஒரு குவியல்னு போட்டு வெச்சிருந்தாங்க. உங்க தாத்தா இதுலேர்ந்து ஒண்ணு, அதுலேர்ந்து ஒண்ணு பொறுக்கிட்டு வந்திருக்கார். சண்டையாவது, வெங்காயமாவது."

"எங்க தாத்தா பொய் சொல்ற ஆள் இல்லீங்க."

"செத்தவங்க எல்லாரும் அரிச்சந்திரனுங்கதான். இரும்பு அப்படிச் சொல்லலையே."

அந்த மனிதர் துண்டைச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஹெர்ஷலுக்கே பொறுக்காமல், "கொஞ்சம் பார்த்துச் சொல்லக்கூடாதாய்யா, பாவம்" என்றார். எல்வுட் புளித்த முட்டைக்கோசும் பன்றிக்கறியும் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "உள்ளதைச் சொன்னா உடம்பெரிச்சலா?" என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓர் அக்டோபர் மாதம், தம்பி பெண்டாட்டி நெட்டி போன் செய்தாள். டுவேன் கல் குவாரியில் உழைத்த ஆள். நுரையீரலெல்லாம் கல்தூள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், வீட்டோடு கிடக்கிறான்.

"ஒரு நடை வந்துட்டுப் போங்க எல்வுட். கேக்கறார்."

"என்னத்தைக் கேக்கறான்?"

"உங்களைத்தான்."

எல்வுட்டுக்கு உடனே கிளம்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அது உண்மை. ஆனால் வாயில் வந்தது வேறு. "போல்ட்டைக் கொடுத்தனுப்பச் சொல்லு. அது வந்த மறுநிமிஷம் வர்றேன்."

"அது அவர் தலைமாட்டுலதான் இருக்கு. நீங்களே வந்து எடுத்துக்கங்களேன்."

"நான் வந்து கையேந்தணுமா? எடுத்தவன் கொடுக்கட்டும்."

"நல்லா இருங்க" என்று சொல்லி நெட்டி போனை வைத்துவிட்டாள்.

போயிருக்கலாம். லாரி ஓட்டிய காலத்தில் எவன் எவன் வீட்டு மாட்டுக்கெல்லாமோ பனியில் நூறு மைல் போனவருக்குப் பதினெட்டு மைல் ஒரு தூரமா? இரண்டு நாள் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். இப்போது போனால் முப்பது வருஷம் தான் பிடித்த பிடி தப்பு என்று ஆகிவிடும், அதுதான் பயம். வீம்புக்கும் மருந்து இருந்தால் ஆஸ்பத்திரிக்காரன் அதையும் ஒரு விலை சொல்லி விற்றிருப்பான்.

அடுத்த வாரம் டுவேன் செத்துப்போனான்.

சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார் எல்வுட். பெட்டியின் பக்கம் போகவில்லை. ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டது மரியாதைக்கா, வெறுப்புக்கா என்று அவருக்கே தெரியும். அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். பன்றித் தொடைக்கறி, பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, சாவுக்கென்றே அந்தப் பக்கத்தில் செய்கிற உலர்திராட்சை இனிப்பு. எல்வுட் தட்டைத் தொடாமல் வெளியே கிளம்பினார். வாசலில் நெட்டி எதிரே வந்து, ஒரு கம்பளிக் காலுறையை அவர் கையில் திணித்தாள். உள்ளே கனமாக இருந்தது.

"உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருந்தார்" என்றாள். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். முப்பது வருஷம்! ஜெயித்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், தம்பியை மண்ணில் வைத்து அரை மணி ஆகவில்லை. காலுறையைக் கவிழ்த்தார். கைப்பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டு இரும்பு வெளுத்துப் போயிருந்தது. டுவேன் அதைத் தினமும் கையில் எடுத்திருக்கிறான். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான், ஒரு துரு இல்லை. எல்வுட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பிடியின் அடியைத் திருப்பினார்.

8062.

துடைத்துவிட்டுப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் இரும்பு ஒன்றைத்தான் சொல்லும். யாராவது அழித்துக் கொத்தியிருக்கிறார்களா என்று தேடினார், அந்தக் கடைசி நப்பாசையும் போயிற்று. சுத்தமான, தொழிற்சாலையிலேயே கொத்திய எண். வேறு எவனுடைய துப்பாக்கியோ.

அவர் திரும்பி உள்ளே போனபோது கீழ்த்தளத்தில் கூட்டம் கலைந்திருந்தது. நெட்டி சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது அந்தத் துப்பாக்கியோடது இல்ல, நெட்டி."

"ஆமா."

"டுவேனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மான் வேட்டைக்குப் போனப்ப உங்கப்பாவே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாராம். 'கொட்டிலுமில்ல, பிடுங்கினதுமில்ல. குவியல்லேர்ந்து பொறுக்கினேன்டா, போல்ட்டுகூட வேற எவனோடதோ'ன்னு."

எட்டு வயதில் எல்வுட்டுக்குக் கிடைத்தது பொய். உண்மையை அப்பா தம்பியிடம் கொடுத்திருக்கிறார். துப்பாக்கி மட்டும் அவருக்கு.

"ஏன் என்கிட்ட சொல்லலே? முப்பது வருஷம்! ஒரு வார்த்தை!"

நெட்டி குழாயை மூடினாள்.

"உங்களுக்குத் தெரியும்னுதானே நெனச்சார்? சின்னவன்கிட்டயே சொன்ன அப்பா மூத்தவன்கிட்ட சொல்லாம இருப்பாரான்னு. 'சேராத போல்ட்டு, அண்ணனுக்குப் பிரயோஜனமில்ல, எனக்கு அப்பா ஞாபகத்துக்கு இருக்கட்டும்'னுதான் எடுத்தார். நீங்க திருடன்னீங்க. சந்தையில எல்லார்கிட்டயும் ஒரே நம்பர்னு சொல்றீங்கன்னு கேள்விப்பட்டப்ப மனசு விட்டுப் போச்சு. 'அது பொய்னு அவனுக்கே தெரியும் நெட்டி. போல்ட்டு ஒரு சாக்கு. அவனுக்கு என்னைப் பிடிக்கலே, அவ்வளவுதான்'னார். போன வாரம் வரைக்கும் அதையேதான் சொன்னார். அந்த நெனப்போடதான் போனார்."

"எனக்குத் தெரியாது" என்றார் எல்வுட். "சத்தியமா எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்ததே இல்ல. அப்பா என்னைத் தொடவிட்டதே இல்ல, நெட்டி."

நெட்டி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"ஊரான் வீட்டுத் திருகாணி நம்பர் வரைக்கும் பார்க்கிறவர், அப்பன் வீட்டுத் துப்பாக்கியைப் பார்க்கலையாம்! இதை நான் நம்பணுமா? அவரைப் புதைச்ச மண்ணுகூட இன்னும் காயலே, இப்பவுமா பொய் சொல்லணும்?"

"பொய் இல்லம்மா."

"சரி, இல்ல. வழியை விடுங்க, தட்டு அடுக்கணும்."

அவர் நகர்ந்து வழிவிட்டார். அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள், அவர் இன்னும் அங்கே நிற்பதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.