டிஸ்பென்சருக்கு வணிகக் கல்லூரியில் இடம்

கந்தப்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தார் அவர். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைத் தவிர வேறு யாரைத் தொட்டாலும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். எனக்குக் கைகொடுத்த பின்னும் துடைத்தார்.

நான் அப்போது நுவரெலியாவில் வணிகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு வணிகக் கல்லூரியில் சேர அவருக்கு ஆசை. தமக்கு இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்லத்தான் என்னை வரவழைத்திருந்தார்.

"மருந்து கொடுக்கிற நீங்க எதுக்கு வியாபாரம் படிக்கணும்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

அவர் வாய் திறக்குமுன் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, புள்ள கண்ணே தொறக்கலீங்க. ஒடம்பு கொதிக்குதுங்க."

"பேசிக்கிட்டு இருக்கிறது தெரியல? அப்புறம் வா."

"மொதல்ல புள்ளையைப் பாருங்க," என்றேன் நான்.

"இவங்க எங்க போயிடப் போறாங்க மாஸ்டர்? என்னை விட்டா இந்தத் தோட்டத்துல வேற ஆளு இல்ல. நீங்க கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில். வியாபாரம்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு இடம் கிடைக்காது," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தாயையும் பிள்ளையையும் பஸ் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிள்ளை பிழைத்தது.

என் கணிப்புத்தான் பொய்த்தது. கல்லூரி அவரை மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டது. அவருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க அங்கே என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.