புளி போட்டு விளக்கிய கல்

அந்தத் தாசில்தாரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மனுஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சம்சாரியின் வயலில் வானத்திலிருந்து கல் விழுந்தது. அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த சமயம். பாளையங்கோட்டையில் ரசாயன வாத்தியாராக இருந்த நான், கேள்விப்பட்டதும் ரயிலேறிப் போனேன். சம்சாரியின் மனைவி ஒரு நார்ப்பெட்டியில் தவிட்டைப் பரப்பி அதற்குள் கல்லைப் பத்திரமாக வைத்திருந்தாள். தேங்காய் அளவு இருந்தது. உடைந்த மூலையில் அடுப்புக்கரி மாதிரி ஒரே கறுப்பு. அதற்குள் கசகசா போல வெளுத்த உருண்டை மணிகள். பூமி உருவாவதற்கு முன்னால் சேர்ந்த தூசியும் மணியும் அவை என்று இப்போது சொல்கிறார்கள்.

"ஒரு துணுக்கு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிடுங்க வாத்தியாரய்யா. மிச்சத்தைத் தாசில்தார் வந்து வாங்கிட்டுப் போவாருன்னு சொல்லுதாங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பாதித் துணுக்கைக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கினேன். குழாயின் மேல்பக்கம் நீர் முத்து முத்தாக அரும்பியது. தார் வாசனை அடித்தது. நெருப்பாக விழுந்த கல்லுக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. மீதியைத் தண்ணீரில் போட்டேன். பொலபொலவென்று உதிர்ந்து சேறாகிவிட்டது.

அன்றே தாசில்தாருக்கு இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதினேன். இது அபூர்வமான ஜாதிக் கல், கல்கத்தா மியூசியத்துக்குப் போக வேண்டும், ஒரு பொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கடைசி வரியை அடிக்கோடிட்டேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சம்சாரி வீட்டுக்குப் போய்க் கல்லை நிறுத்தேன், படம் வரைந்தேன், அவள் கொடுத்த மோரைக் குடித்தேன், வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தாசில்தார் வந்தார். நானும் போயிருந்தேன். தாம்பாளத்தில் கறுப்புச் சேறுதான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்குத மாதிரி, புளி போட்டுத்தான் விளக்கினேன்" என்றாள் அவள். "தொரைமாருக்குப் போற பொருளை அழுக்கோடயா குடுக்க? கையிலேயே கரைஞ்சுட்டு."

தாசில்தார் அவள் புருஷனைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, சர்க்கார் சொத்தைக் கரைச்சுத் தொலைச்சிருக்க. உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்." சம்சாரி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அவனை ஏன் வே மிரட்டுதீரு? நாலு பக்கம் எழுதினேனே, ஒரு வரி படிச்சீரா?" என்று கேட்டேன். கடிதம் ஏதோ கட்டுக்குள் கிடந்திருக்கும்.

அவள் தாசில்தாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தண்ணி படக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"இங்கன உக்காந்துதான மோர் குடிச்சீக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

சொல்லியிருக்கலாம். தமிழில் நாலு வார்த்தை. இவளிடம் என்ன சொல்வது, இதெல்லாம் அதிகாரிகளோடு பேசவேண்டிய விஷயம் என்று நினைத்தேன். தவிட்டில் வைக்கத் தெரிந்தவளுக்குத் தண்ணீர் ஆகாது என்றால் புரியாதா? என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

தாசில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இவனை எதுக்குப் பிடிக்கணும்?" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார். அந்த ஒரு காரியத்தில் அவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது.

அந்தச் சேற்றைக் காயவைத்தாவது அனுப்பியிருக்கலாம். கேட்க எனக்கு முகமில்லை. அவள் தாம்பாளத்தை எடுத்துப் போய் வாழை மரத்து மூட்டில் கொட்டினாள்.