மிச்சமிருந்த நான்கு புஷ்

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். முப்பது வயதுக்குள் கரும்பாலை, கல்குவாரி, ஹூப்ளிப் பக்கம் லாரி கிளீனர் என்று பல வேலை பார்த்துவிட்டேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி கண்டதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அதியமான்கோட்டையில், சாலையோரத்து லாரிப் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். பட்டறை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் பாய். படுக்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் உண்டு. மழை பெய்தால் தகரக் கூரையின் எந்த மூலை ஒழுகாது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.

தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்கும் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. எரிந்துபோன பிரேக்கும் முறிந்த ஸ்பிரிங் பட்டைகளுமாக வந்து நிற்கும். கார் என்று ஒன்று எங்கள் வாசலில் நின்றது, அந்தக் கடத்தூர்க்காரர் வந்த அன்றுதான்.

அவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. கடத்தூரில் தோப்பும் வயலும் உள்ள வீட்டுப் பிள்ளை. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடம் வாங்கிய கார் அது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தவளை குந்தியிருப்பதுபோலத் தரையோடு தரையாக இருக்கும். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்துவார்களாம். அதில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய வெறி.

"பிரேக் புடிச்சா முன்னாடி டொக்குனு அடிக்குது. கையை விட்டா இடது பக்கமா ஓடுது. பெங்களூர்ல காட்டினேன். ஸ்டியரிங் பெட்டியே போச்சு, சீமையிலிருந்து வரவழைக்கணும், ஒரு வருஷம் ஆவும்ங்கறான்," என்றார்.

பாய் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நமக்கு எதுக்குங்க தம்பி இது? எங்க ஆளுங்க லாரிக்குப் பொறந்தவனுங்க."

நான் அதற்குள் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் மல்லாந்துவிட்டேன். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட். அதைச் சுற்றி இரும்புக் குழாய்க்குள் அடைத்த ரப்பர். அதுதான் புஷ். கடப்பாரை முனையை இடையில் கொடுத்து நெம்பினேன். இரும்புக் கை ஒரு விரற்கடை நகர்ந்தது. ரப்பர் காய்ந்த சாணிபோல உதிர்ந்தது.

"ஸ்டியரிங் நல்லாருக்குங்க. புஷ்ஷுதான் செத்துப்போச்சு," என்றேன்.

"பெங்களூர்க்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?"

"அவன் கீழ படுத்திருக்க மாட்டானுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரை கொடுத்த உதிரிப் பெட்டியைத் திறந்தார். அதில் எட்டு புது புஷ், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி இருந்தன. ஒரு தடவைக்கு நான்கு போதும்.

தூக்கிய முன்பக்கத்துக்குக் கட்டை கொடுத்தேன். பழைய புஷ் துருவேறி, ஒரு நாள் முழுக்கச் சுத்தியலுக்கு அசையவில்லை. இரண்டு குழாய்த் துண்டுகளை வைஸ் இடுக்கியில் கொடுத்து நெருக்கி நெருக்கித்தான் கழற்றினேன். புதியதை உள்ளே தள்ளினேன். லாரி வேலையில் எதை மாட்டினாலும் கிரீஸ் அப்பாமல் மாட்டுவதில்லை, அப்படியே அப்பினேன். சக்கரம் அந்தரத்தில் தொங்க, ஸ்பேனரில் மூன்றடிக் குழாயைச் செருகி போல்ட்டை முடுக்கினேன். லாரிக்கு அப்படித்தான். இறக்கியபோது காரின் மூக்கு முன்னைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது.

"புதுசு மாதிரி நிமிந்துக்கிச்சு பாரு!" என்றார் கடத்தூர்க்காரர். நானும் இளித்தேன். அந்த ஓர் அங்குலம் என்ன சொல்கிறது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதினைந்து நாளில் கார் திரும்பி வந்தது. டொக் சத்தம் டீக்கடைவரை கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த டிரைவர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள்.

"என்னா மேஸ்திரி, காருக்கு லாரிப் பட்டையைப் போட்டுட்டியா?"

"ஆறாவது படிச்சவன் ஏரோப்ளேன் ரிப்பேர் பண்ணா அப்படித்தான்."

கடத்தூர்க்காரர் சிரிக்கவில்லை. "பெங்களூர்க்காரன் சொன்னது சரியாப் போச்சு. பத்து நாள்ல பந்தயம். உன்னை நம்புனேன் பாரு."

பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "கார் வாசலுக்கு வந்தப்பவே வேணாம்னேன். தெரியாததைத் தெரியும்னு சொல்ற ஆளு எனக்கு ஆவாது. லாரிக்காரன் உசுரு நம்ம கையில இருக்கு. ஸ்டியரிங்னு ஒத்துக்கிட்டு அனுப்பிடு. இல்ல, பாயைச் சுருட்டிக்கிட்டு நீ கெளம்பு."

"கழட்டிப் பாத்துட்டுச் சொல்றங்க பாய். ஸ்டியரிங்னா நானே கெளம்பிடறேன்," என்றேன்.

போவது எனக்குப் பெரிதில்லை. போய்ப் பழக்கப்பட்டவன். ஆனால் அதுவரை எந்த இடத்திலிருந்தும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு போவதாகவும் இல்லை.

கழற்றியதும் எனக்கே வெட்கமாயிருந்தது. நான்கு புஷ்ஷும் கிழிந்திருந்தன. கிரீஸ் பட்ட ரப்பர், நீரில் ஊறிய கொண்டைக்கடலைபோல உப்பியிருந்தது. ஆனால் கிழிசல் தாறுமாறாக இல்லை. நான்கும் ஒரே திசையில், பிழிந்த துணியின் முறுக்குப்போலக் கிழிந்திருந்தன. தேய்ந்து போயிருந்தால் சுற்றிலும் தேய்ந்திருக்கும். யாரோ முறுக்கியிருக்கிறார்கள்.

யாரோ இல்லை, நான்தான்.

லாரியில் அந்த இடத்தில் இரும்புக்குள் இரும்பு சுழலும். அதற்குக் கிரீஸ் வேண்டும். இந்த ரப்பர் சுழலாது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நடுவில் முறுக்கிக் கொடுத்து, திரும்பி வரும். நான் சக்கரம் தொங்கும்போது முடுக்கிவிட்டேன். காரை இறக்கியதும் இரும்புக் கை மேலே ஏற, ரப்பர் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டது. மூக்கு உயர்ந்து நின்றதும் அதனால்தான். குழியில் விழுந்த ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிழிந்தது.

நேரே போய்ச் சொன்னேன். "தப்பு என்னுதுதாங்க. மாட்டுனது தப்பு. ஆனா நோவு புஷ்ஷுலதான். மிச்சம் நாலு இருக்கு. அதைக் குடுங்க."

"அதையும் கிழிக்கவா?"

"கிழிஞ்சா நான் இந்த ரோட்டுலயே நிக்க மாட்டேங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

காரின் முழுப் பாரமும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் முடுக்க வேண்டும். ஆனால் சக்கரம் தரையில் இருந்தால் அந்தக் காருக்கு அடியில் பூனைகூட நுழையாது. பட்டறைப் பள்ளமோ, இரண்டு பேர் தோளோடு தோள் நின்று லாரியின் கியர் பெட்டியை இறக்குவதற்காக நாலரை அடி அகலத்தில் வெட்டியது. சின்னக் காரின் சக்கரங்கள் அதற்குள் விழுந்துவிடும். பள்ளத்தின் குறுக்கே முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு ரயில் கட்டைகளைப் போட்டேன். பலகை பரப்பிக் காரை அவற்றின்மேல் தள்ளிவிட்டு, நடுப்பலகைகளை உருவினேன். முன்கட்டைமேலேயே ஜாக்கி வைத்து மூக்கைத் தூக்கினேன்.

புஷ்ஷை உள்ளே தள்ளும்போது பாய் பழக்கத்தில் கிரீஸ் டப்பாவை நீட்டினார்.

"வேணாங்க. சவுக்காரத் தண்ணி போதும்."

"துணி தொவைக்கப் போறியா?"

"தண்ணி காஞ்சிடும். கிரீஸ் காயாது."

போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஜாக்கியை இறக்கினேன். சக்கரங்கள் கட்டையில் உட்கார்ந்தன. பிறகு கடத்தூர்க்காரரைக் காரில் ஏறி உட்காரச் சொன்னேன்.

"முடுக்கறது நீ. நான் எதுக்கு?"

"ஓட்டறப்ப காலியாவா ஓட்டுவீங்க?"

அவர் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. பாயைப் பார்த்தேன். அவர் கனத்த உடம்புக்காரர்.

"நானா? கட்டை ஒடிஞ்சா?" என்றார் பாய்.

"கீழ நான்தானே இருக்கேன். எனக்கில்லாத பயம் உங்களுக்கென்னாங்க?"

டிரைவர்கள் சிரித்தார்கள். பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டி, ஒருக்களித்து, காலை மடக்கி, ஒருவழியாக அந்த இருக்கைக்குள் இறங்கினார். "தொப்பையை உள்ள விட்டா கதவு சாத்தல, கதவைச் சாத்துனா மூச்சு வரல. சட்டுனு முடுக்கு!" என்று கத்தினார். பள்ளத்தில் நின்று, தலைக்கு மேல் இரண்டு பேரின் பாரத்தோடு, நான்கு போல்ட்டையும் முடுக்கினேன். கட்டை முனகியது; ஒடியவில்லை. அவர்கள் இறங்கியபின் காரின் மூக்கைப் பார்த்தேன். பழைய தவளையாகத் தாழ்ந்தே இருந்தது.

"ஏறு," என்றார் கடத்தூர்க்காரர். "தொப்பூர் எறக்கத்துல பாத்துடுவோம். நீயும் வர்ற."

ஏறினேன். அந்தக் கணவாயில் உருண்ட லாரிகளை இழுத்து வந்து பிரித்தவன் நான். எந்த வளைவில் எது விழுந்தது என்று எனக்குத் தெரியும். அவர் வேண்டுமென்றே தாமதித்து, வளைவுக்கு மிக அருகில் பிரேக்கை மிதித்தார். டொக் இல்லை. நேரான இறக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நேராகப் போனது.

"பயமா இல்லியா?" என்றார்.

"முடுக்குனவன் நான்தானுங்க," என்றேன். பொய்தான்.

பந்தயம் முடிந்து அவர் பட்டறைக்கு வந்தார். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாராம். "கார் நேராத்தான் போச்சு. எனக்குத்தான் தைரியம் போதல," என்றார். பத்து நாள் ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் பிறகு ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தேன். நான்கு ரப்பரும் முழுசாக இருந்தன. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிய முடியாமல் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த இரண்டு ரயில் கட்டைகளையும் விறகுக் குவியலில் போடாமல், பள்ளத்தின் ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார்.

அடுத்த மாசியில் நான் அங்கிருந்து கிளம்பினேன். "இப்ப ஏன் போற? யாரு உன்னைப் போவச் சொன்னா?" என்று பாய் சத்தம் போட்டார்.

"யாரும் சொல்லலீங்க," என்றேன். "அதான் போறேன்."