மணப்பெண்கள் நடுவே ஒரு ஸ்மாஷ்

செக்காலை ரோட்டில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க மணப்பெண்கள். ஒருத்தி கன்னத்திலும் ஒரு பரு கிடையாது. அத்தனையையும் கம்ப்யூட்டரில் நான்தான் துடைத்தெடுத்தேன். அவர்களுக்கு நடுவே ஒரு படம் மட்டும் ரவையை அள்ளித் தெளித்ததுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறாள். மட்டைக்கு ஒரு சாண் முன்னால் இறகுப்பந்து. ஆல்பம் விலை கேட்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்ப்பார்கள். எனக்கு உடனே பி.டி. டீச்சர் ஞாபகம் வந்துவிடும்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. பாஸ்போர்ட் படத்துக்குக்கூட அதோடுதான் வந்து உட்கார்ந்தார். ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து, "தம்பி, எங்க புள்ள ஒருத்தி ஷட்டில் பிரமாதமா ஆடுறா. அவுக அப்பா சிங்கப்பூர்ல. பத்தாவதோட ஆட்டத்தை நிப்பாட்டச் சொல்லிட்டாரு. வீடியோ அனுப்புனா, 'என்னமோ வெள்ளையாக் குதிக்குது டீச்சர்'ங்கிறாரு. அடுத்த மாசம் லீவுல வர்றாரு. பெருசா ஒரு படம் எடுத்து வைங்க. இவ ஆடுறத அவரு கண்ணால பாக்கணும்" என்றார்.

ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. நான் எத்தனையோ தாலிகட்டு எடுத்த அதே கல்யாண மண்டபத்தில்தான் போட்டி. பந்தி மேசைகளை ஓரங்கட்டிவிட்டுக் கோடு போட்டிருந்தார்கள். எந்தத் தூண் எங்கே இருக்கிறது என்பதுவரை தெரிந்த இடம் என்ற தெம்பில், மாப்பிள்ளைத் தோழன்போல் போய் முன்னால் நின்றேன். அந்தப் பெண் எம்பினாள். என் ஃபிளாஷ் பளீரென்று அடித்தது. பந்து அவள் தலையைத் தாண்டித் தரையில் விழுந்தது. மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "தம்பி, இங்க யாரும் தாலி கட்டல. அந்த வெளிச்சத்த அணைங்க" என்றார் டீச்சர்.

ஃபிளாஷை அணைத்தால் மிச்சம் டியூப்லைட்தான். கல்யாணத்தில் ஷட்டரை மெதுவாக வைத்துப் பழகிய கை என்னுடையது. மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்? இங்கே அதே கணக்கில் எடுத்தால் அந்தப் பெண்ணின் கை விளக்குமாறுபோல் விரிந்தது, தலையையே காணோம். கேமராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்த டீச்சர், "இட்லிச் சட்டியத் தொறந்த மாதிரில்ல இருக்கு" என்றார்.

லென்ஸை முழுக்கத் திறந்தேன். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஏற்றினேன். படத்தில் ஆள் அசையாமல் நின்றாள், ஆனால் கும்மிருட்டில். இனி ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது ஒன்றுதான் வழி. அது, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையே ஒட்டக் கறக்கும் வித்தை. அதிகம் கறந்தால் படமெல்லாம் மணல் மணலாய்ப் புள்ளி விழும். மணப்பெண் முகத்தில் அப்படி விழுந்தால் நான் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். அதனால் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினேன்.

இன்னொரு கோளாறும் இருந்தது. கெட்டிமேளம் கேட்டதும் அழுத்திப் பழகிய விரல், இங்கேயும் மட்டைச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. சத்தம் கேட்பதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்விடும். டீச்சர் பார்த்தார், என் பக்கத்தில் வந்து நின்று, அவள் எம்பப் போகும்போதெல்லாம் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார். அன்று கேமராவின் பொத்தான் என் விலாவில்தான் இருந்தது. அப்படி இடிபட்டு எடுத்த படங்களில் ஒன்றுதான் இது. அந்தப் பெண் அரையிறுதியில் தோற்றுப்போனாள். அப்பாவிடம் காட்டக் கோப்பை கிடையாது. இந்தப் படம் மட்டும்தான்.

விடுவேனா நான்? உட்கார்ந்து புள்ளிகளையெல்லாம் துடைத்தேன். கை பழக்கத்தில் வேர்வையையும் துடைத்து, நெற்றிச் சுருக்கத்தை நீவி, நிறத்தையும் ஒரு படி ஏற்றிப் பெருமையோடு டீச்சரிடம் காட்டினேன்.

"எங்க புள்ளய எங்குட்டு ஒளிச்சு வச்சிருக்கீக? இது யாரு, கல்யாணப் பொண்ணா? இதப் பாத்தா அவரு ஆட்டத்த நிப்பாட்டுறது மட்டுமில்ல, மாப்பிள்ளையே பாக்க ஆரம்பிச்சுருவாரு!"

துடைக்காத படத்தையே பெரிதாக அச்சுப் போட்டு மாட்டினேன்.

லீவில் வந்த அப்பாவை டீச்சரே கூட்டிவந்தார். மனிதர் படத்துக்குக் கிட்டே போய், மகளின் நெற்றியை ஒரு விரலால் தொட்டார்.

"தம்பி, இந்தப் புள்ளியெல்லாம் வேர்வையா?"

ஐ.எஸ்.ஓ. என்றால் என்ன என்று விளக்க வாயைத் திறந்தேன். விலாவில் இடி விழுந்தது.

"ஆமாண்ணே," என்றேன். "அம்புட்டும் வேர்வைதான்."

அவர் டீச்சர் பக்கம் திரும்பி, "இம்புட்டு வேர்க்க ஆடுறவள நான் என்னன்னு டீச்சர் நிப்பாட்டுறது?" என்றார்.

அந்தப் பெண் இப்போது கல்லூரி அணியில் ஆடுகிறாள். டீச்சர் தேவகோட்டைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நானும் நல்ல கேமராவாக வாங்கிவிட்டேன். எவ்வளவு ஏற்றினாலும் அதில் புள்ளி அவ்வளவாக விழுவதில்லை. நேற்றுகூட ஒரு மணப்பெண்ணின் அம்மா சுவரைக் காட்டி, "அந்தப் படம் மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வேர்வைம்மா" என்றேன். கை தானாகப் போய் விலாவைத் தடவிக்கொண்டது.